பலகையில் இருபத்தொன்பது

என் நாத்தனார் அரபாவைத் தேடி ஊரே கிளம்பிய அந்தச் சனிக்கிழமை, அவள் என் லாட்டரிக் கடைக்குள் மேசைக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, இடுப்புத் துணியைத் தரைவரை விரித்து மறைத்துக்கொண்டிருந்தேன். அவள் பல் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே நிற்பவர்களுக்கும் கேட்டுவிடுமோ என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். எப்படி அந்த நிலைமைக்கு வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வின்னேபாவுக்கும் கேப் கோஸ்ட்டுக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் மீனைப் புகை போடுவார்கள், இரண்டு பேரும் லாட்டரி போடுவார்கள். கடற்கரைக்குத் திரும்பும் முக்கில் என் கடை. கடை என்றால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் மேசை, மெஷின், ரேடியோ. பதினோரு வருஷமாக நடத்துகிறேன். விற்றதில் எனக்கு ஒரு பங்கு, மீதி அரசாங்கத்துக்கு. நான் ஆடுவதில்லை.

ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்கள். அக்ராவில் உருளையைச் சுற்றி ஐந்து பந்துகளை எடுப்பார்கள். எங்கள் ஊர் ஆட்டம் ஜோடிதான். இரண்டு எண் எழுதித் தரவேண்டும். இரண்டும் அந்த ஐந்துக்குள் வந்தால் எங்கள் நாட்டுப் பணத்தில் ஒரு சேடி கட்டியவருக்கு இருநூற்று நாற்பது சேடி. ஒன்று மட்டும் வந்தால் ஒன்றுமில்லை. ஞாயிறு தவிர தினமும் குலுக்கல் உண்டு, பெரியது சனிக்கிழமை. ஏழு மணிக்கு மெஷின் மூடிக்கொள்ளும், ஏழரைக்கு ரேடியோவில் சொல்லுவார்கள்.

எண்களை எங்கிருந்தெல்லாமோ கொண்டுவருவார்கள். விபத்தில் நசுங்கிய வண்டியின் நம்பர், பிறந்த குழந்தையின் எடை, கனவில் மாமியார் வந்தால் அதற்கொரு எண். யாராவது செத்து இரங்கல் சுவரொட்டி ஒட்டினால் அன்றைக்கு என் கடையில் கூட்டம் தாங்காது, அதில் வயது போட்டிருக்கும் அல்லவா. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பெரிய மனுஷிகளும் வருவார்கள், ஆனால் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பின்பக்கமாக வருவார்கள். அதையெல்லாம் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். அரபாவுக்கு இப்படி ஆகும்வரை எனக்கு இதில் பயப்பட எதுவும் இருப்பதாகத் தோன்றியதில்லை.

அரபாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஒத்துவரவில்லை. கோயிலைக் கூட்டித் துடைத்து, மணியடித்து, கோயிலுக்குப் பின்னாலேயே ஒரு அறையில் இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம், ஆராதனை நடத்துகிற உபதேசியார் அமிசா ஒரு சீட்டில் மறுநாள் பாடவேண்டிய பாட்டுகளின் எண்களை எழுதிக் கொடுப்பார். அவள் மரத்தில் செய்த இலக்கங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் இருக்கும் பாட்டுப் பலகையில் மாட்டுவாள். இதுதான் அவள் செய்த வேலை.

ஒரு சனிக்கிழமை அவளுக்குக் கடுமையான மலேரியா. நடுங்கிக்கொண்டே போய் மாட்டிவிட்டு வந்து படுத்துவிட்டாள். ஞாயிறு காலையில் உபதேசியார் எழுபத்தொன்றாம் பாட்டு என்றார், பலகையில் பதினேழு இருந்தது. அடுத்தது முப்பத்தாறு என்றார், பலகையில் அறுபத்துமூன்று. சபை சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார். கடைசி வரிசையில் இருந்த கோபினா தவியா என்கிற வலைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. காய்ச்சலில் இருக்கிற கை தப்பாகப் போகாது, யாரோ பிடித்து நகர்த்தியிருக்கிறார்கள் என்று அவனுக்குப் பட்டது. என்னிடம் வந்து பதினேழு, அறுபத்துமூன்று என்று ஜோடி எழுதிப் பத்து சேடி கட்டினான். சனிக்கிழமை இரண்டும் வந்தன.

அதற்கடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியிலும் ஆட்கள். கையில் பாட்டுப் புத்தகம் இல்லை, பேனா இருந்தது. காணிக்கை இரண்டு மடங்கு சேர்ந்ததால் மாதம் ஒருமுறை வரும் போதகருக்குக்கூட சந்தோஷம்தான். ஆனால் பலகையில் இருந்ததும் உபதேசியார் சொன்னதும் அன்று ஒன்றாகவே இருந்தன. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். தப்பில்தான் நம்பர் இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியிருந்ததால், அரபா தப்பு செய்யாதது எல்லோருக்கும் கோபத்தை உண்டாக்கியது. தெரிந்தும் மறைக்கிறாள் என்றார்கள்.

முதலில் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். எத்தனை வாளி எடுக்கிறாள் என்று எண்ணினார்கள். கெங்கே என்கிற சோளமாவு உருண்டை வாங்கப் போனால் எத்தனை உருண்டை என்று பார்த்தார்கள். அவள் எதை எண்ணினாலும் அது அடுத்த நிமிஷம் என் மெஷினுக்கு வந்தது. ஒருநாள் காலையில் கொடியில் காயப்போட்ட தலைத்துணியில் ஒரு மூலையை யாரோ கத்தரித்துக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து அவள் கதவுக்குப் பின்னால் பெஞ்சைத் தள்ளி வைத்துத்தான் தூங்கினாள்.

உபதேசியார் அமிசா ஒல்லியான மனிதர், யார் சண்டை போட்டாலும் வேறு தெரு வழியாகப் போகிறவர். அவரும் பயந்துபோய், தொண்ணூறுக்கு மேலே இருக்கிற பாட்டுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். அதுவும் பயன்படவில்லை. இருநூற்றுப் பதினாலு என்றால் நூறுகளை உதறிவிட்டுப் பதினாலு எழுதினார்கள். வேலையை விட்டுவிடு என்று நான் அரபாவிடம் சொன்னேன். விட்டால் அந்த அறையையும் விடவேண்டும், பலகையை விட்டுவிட்டால் எதையோ மறைத்துக்கொண்டு ஓடுகிறாள் என்பார்கள் என்றாள். அதுவும் சரிதான்.

எட்டாவது வாரம் அது நடந்தது. பாட்டு இருநூற்று இருபத்தாறு. அவள் ஆறை மாட்டுகிற இடத்தில் ஒன்பதை மாட்டியிருந்தாள். காய்ச்சல் எதுவும் இல்லை. வாசலில் நாலு பேர் நின்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், கை தன்னுடையது மாதிரியே இல்லை என்றும் பிறகு என்னிடம் சொன்னாள். மரத்தில் வெட்டிய ஆறும் ஒன்பதும் ஒன்றுதான், தலைகீழாக மாட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

உபதேசியார் இருநூற்று இருபத்தாறு என்று சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்தார்.  யாரும் சிரிக்கவில்லை. பாட்டு தொடங்கும் முன்னாலேயே பாதிக் கோயில் எழுந்து வெளியே போய்விட்டது.

அந்த வாரம் பூராவும் என் மெஷின் ஒரே ஜோடியைத்தான் அச்சடித்தது. இருபத்தாறு, இருபத்தொன்பது. இருபத்தாறு, இருபத்தொன்பது. புகைமீன் விற்கிறவர்கள் அடுத்த லோடுக்கு வைத்திருந்ததைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். சனிக்கிழமை மத்தியானம் ஈபோ குவான்சா வந்தான். பதினாலு பேர் போகிற வள்ளத்துக்கு அவன்தான் தலைவன். நிதானமானவன், வாரம் ஒரு சேடிக்கு மேல் கட்டியதே இல்லை. அன்று ஒரு துணி முடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தான். அது வள்ளத்தின் எண்ணெய்க்கும் புது வலைக்கும் எல்லோரும் சேர்த்த பணம். எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். வாங்கி அடித்துக் கொடுத்தேன். அதில் என் பங்கு எவ்வளவு என்று என் தலை கணக்குப் போட்டதையும் மறைப்பதற்கில்லை.

ஐந்து மணிக்கு அரபா பின்கதவைத் தட்டினாள். காலில் செருப்பு இல்லை, கையில் பைபிள் மட்டும். அவள் அறை வாசலில் காலையிலிருந்து கோழி, முட்டை, துணி என்று கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கிறார்களாம்.

“அண்ணி, நம்பர் வந்துட்டா அடுத்த வாரமும் கேப்பாங்க. வரலைன்னா என்னைய என்ன பண்ணுவாங்க?”

 என் புருஷன் லாரியோடு குமாசிக்குப் போயிருந்தான். அவளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

ஏழரைக்குக் கடை முன்னால் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லாக் கையிலும் சீட்டு. ரேடியோக்காரன் முதல் எண்ணைச் சொன்னான், மூன்று. பிறகு ஐம்பத்தேழு. தொண்ணூறு. பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மூச்சை இழுத்தது. கடைசி எண் நாற்பத்தொன்று.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் தரையில் உட்கார்ந்து சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். அப்புறம் ஆண்கள் எதுவும் பேசிக்கொள்ளாமல் கோயில் பக்கமாக நடந்தார்கள். கதவை உடைக்கிற சத்தம் இங்கேவரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். ஈபோ என் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். வியர்வை அவன் தாடையிலிருந்து மேசைமேல் சொட்டியது.

“அபா அக்கா, அரபா எங்க?”

காலையிலிருந்து பார்க்கவில்லை என்றேன்.

“அடிக்க வரல அக்கா. சத்தியமா அடிக்க வரல.” அவன் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “அந்தப் பணம் என்னுதில்ல. பதினாலு வீட்டுது. அவ வாயால ஒரு ஜோடி சொல்லட்டும், நாங்க போயிடறோம். திங்கக்கிழமைக் குலுக்கலுக்குப் போட்டு எடுத்துடறோம்.”

அடிப்பேன் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அவள் ஏதோ இரண்டு எண்ணைச் சொன்னால் அதற்கும் கடன் வாங்கிக் கட்டுவார்கள். வராது. மறுபடி வருவார்கள். அதற்கு முடிவே கிடையாது. மேசைக்கடியில் அவள் என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். நகம் சதைக்குள் இறங்கியது. எங்கே பயத்தில் வாயைத் திறந்து எண்ணைச் சொல்லிவிடுவாளோ என்று ரேடியோவை இன்னும் கூட்டினேன்.

பின்னாலிருந்து ஒருவன், இவள் ஏன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள், பின்கதவைப் பாருங்கள் என்றான். தகரத்தில் யாரோ காலால் உதைத்தார்கள். பெட்டி முழுக்க அதிர்ந்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாளின் ஒரு ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் உபதேசியார் அமிசா வந்தார். கையில் போன் வெளிச்சம். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று கையைத் தூக்கினார். 

“அந்தப் பொண்ண விட்ருங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் எழுதிக் குடுத்தத மாட்டினா, அவ்ளோதான். அன்னிக்குச் சீட்டுல பதினேழு, அறுபத்துமூணுன்னு எழுதினதே நான்தான். படிக்கறப்பதான் மாத்திப் படிச்சேன். போன வாரமும் அப்படித்தான்.” மூச்சு வாங்கினார். “வந்த நம்பரும் என்னுது, வராத நம்பரும் என்னுது.”

 பின்கதவை உதைத்தவன் நிறுத்திவிட்டான். ஈபோ ஜன்னலிலிருந்து கையை எடுத்து மெதுவாகத் திரும்பினான்.

“அப்ப அடுத்த நம்பர் உங்ககிட்டதான் இருக்கு உபதேசியாரே,” என்றான்.

அவர் தலைகுனிந்து நின்றார். இரண்டு பேர் அவருடைய தோளில் கை போட்டார்கள், மரியாதையாகத்தான் போட்டார்கள். கூட்டம் அவரை நடுவில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் இறங்கியது. என் கடை முன்னால் கசங்கிய சீட்டுகள்தான் கிடந்தன. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அரபா மேசைக்கடியிலிருந்து வெளியே வந்ததும் பைபிளுக்குள் வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து விரித்தாள். உபதேசியாரின் கையெழுத்து. எழுபத்தொன்று, முப்பத்தாறு. பிசிறில்லாமல், அச்சு மாதிரி எழுதியிருந்தது.

“பொய் சொல்றார் அண்ணி,” என்றாள்.  “மாத்தி மாட்டினது நான்தான்.”

வெளியே போய் அவர்களிடம் காட்டப்போவதாகச் சொன்னாள். நான் சீட்டைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றேன். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை அந்தத் தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்தேன். முதல் டிரோ டிரோ வண்டியில் அவளை ஏற்றினேன். செகண்டியில் என் தங்கை இருக்கிறாள். அரபா இப்போது அங்கே ஒரு மீன் குளிர்கிடங்கில் வேலை செய்கிறாள். நன்றாக இருக்கிறாள் என்றுதான் சொல்லவேண்டும். கணக்குப் போடுகிற வேலை எதுவும் வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம்.

உபதேசியாரை அவர்கள் ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்காரவைத்து விடியவிடிய கேட்டிருக்கிறார்கள். முதலில் கும்பிட்டுக் கேட்டார்களாம், அப்புறம் அழுதார்களாம். அவர் ஒரு எண்ணைக்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கு விட்டிருப்பார்கள். விடியும் நேரத்தில் யாரோ துடுப்பை வீசியிருக்கிறார்கள், இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. போலீஸ் வந்து கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்று அவரே சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மேலிடத்தில் அவரை உள்நாட்டில், காட்டுப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு மாற்றினார்கள். பத்தொன்பதாம் தேதி காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. வழியனுப்ப வருகிறேன் என்று பாதி ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் எதற்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய துணிமணிகளைக் கட்டிக் கொடுக்கப் போனபோது அதை அவரிடம் சொன்னேன். பதினெட்டாம் தேதி சாயங்காலமே, கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பும் முன்னால், என் புருஷனின் லாரியில் மரச்சட்டங்களுக்கு நடுவில் அவரை உட்காரவைத்து அனுப்பிவிட்டோம். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அரபா எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் ஊர் வந்து பார்த்தது, அறை காலியாக இருந்தது. அன்றைக்கு விடியற்காலையில் போய்விட்டார் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, கடலுக்குப் போகக் கூடாத நாள். ஈபோ என் ஜன்னலுக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தான். வள்ளத்திலிருந்து அவனை இறக்கிவிட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்க்காமல் ஒரு காகிதத்தை நீட்டினான். நாற்பத்தாறு, பத்தொன்பது.

நாற்பத்தாறு உபதேசியாரின் வயது. பத்தொன்பது அவர் போன தேதி.

அடிக்கமாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லார் காகிதத்திலும் அதேதான். மெஷின் அடித்துக்கொடுத்தது.

பதினோரு வருஷத்தில் நான் ஒருநாளும் ரேடியோவைப் பயந்து கேட்டதில்லை. யாருக்காவது விழட்டுமே என்றுதான் கேட்பேன். அன்றைக்கு வரக் கூடாது, வரக் கூடாது என்று முழங்காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்துவிட்டால் அவர் எந்தக் காட்டுக்குள் இருந்தாலும் போய் இழுத்து வருவார்கள்.

முதல் எண்ணே நாற்பத்தாறு. வெளியே ஒரு உறுமல் மாதிரி எழுந்தது. பிறகு ஏழு, முப்பத்துமூன்று, எண்பது. ரேடியோ கொஞ்சம் கரகரத்தது. கடைசி எண்ணை இரண்டு தடவை சொன்னான். பதினெட்டு.

கூட்டம் ஏமாந்து கலைந்தது. ஈபோ போகவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ஒண்ணுதான் தள்ளிப் போச்சு,” என்றான். “அவர் கெளம்பினது பத்தொன்பதுதானே அக்கா?”

“பத்தொன்பதுதான். விடியக்காலைல.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“எங்க மாத்தினாங்கன்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.  அவன் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடல் பக்கம் போகாமல் ரோட்டுப் பக்கமாக நடந்தான்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நின்றேன். நாற்பத்தாறு, பதினெட்டு. அந்த இரண்டும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நானும் லாரி ஓட்டிய என் புருஷனும்தான். ஊரில் எல்லோரும் பைத்தியம், எனக்கு மட்டும் புத்தி இருக்கிறது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உபதேசியாருடைய எண் என் போனில் இருந்தது. கை எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற மாதிரிக் கூப்பிடலாம், பேச்சுவாக்கில் வேறு என்னவெல்லாம் கேட்கலாம் என்று என் மனது தானாகப் போய்க்கொண்டிருந்தது. அதை நான் கவனித்ததும் போனை எடுத்து அவர் பெயரைத் தேடினேன். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. மூன்றாவது தடவை அவர் பெயரை அழித்தேன். அழிந்துவிட்டதா என்று தேடிப் பார்த்தேன். அதற்கப்புறமும் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என் தலையைவிட்டுப் போகவில்லை.